1914 டென்வர் பென்னிக்குத் தரச் சான்று பெற்ற அனுபவம்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடமிருந்து ஒரு கண்ணாடிச் சாடி நிறையப் பழைய பென்னிகளை வாங்கினேன். எல்லாம் ஒரு பக்கம் லிங்கனின் தலையும் மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர்களும் கொண்டவை. 1909 முதல் 1958 வரை அச்சான ஒரு சென்ட் காசுகள். குத்துவிளக்கு துலக்கிய பழக்கத்தில், மேலாகக் கிடந்த இருபது முப்பது காசுகளை அன்று மாலையே புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்த பிறகு, ஆண்டுக்குக் கீழே உள்ள, காசு அச்சான ஊரைக் காட்டும் எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். 'டி' இருந்தால் டென்வர், 'எஸ்' இருந்தால் சான் பிரான்சிஸ்கோ, எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. 1909 காசு ஒன்றின் பின்பக்க அடியில், அதை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயர் முதலெழுத்துகள் இருந்தன. அவை மிகவும் துருத்திக்கொண்டு தெரிவதாக எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே நீக்கப்பட்டன. அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானவை 4,84,000 மட்டுமே என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம்; என்னிடம் இருந்ததோ ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் அச்சான பிலடெல்பியா காசு. செம்பு நிறத்தில் இருந்த 1943 காசு ஒன்று அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அச்சடித்தார்கள். தவறுதலாக வெண்கலத் தகட்டில் அச்சான மிகச் சில காசுகள் லட்சக்கணக்கான டாலருக்கு விற்றிருக்கின்றன. காலையில் காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் என் காசு ஒட்டிக்கொண்டது. யாரோ எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள்.

புளியில் தேய்த்த காசுகளுக்கு நடுவேதான் அந்த 1914 டென்வர் காசு கிடைத்தது. அச்சான எண்ணிக்கை 11,93,000. 1931 சான் பிரான்சிஸ்கோ காசு அதைவிடக் குறைவாக, 8,66,000 மட்டுமே அச்சானது. ஆனாலும் 1914 காசுக்குத்தான் விலை அதிகம். 1931 காசு அரிதாகும் என்று அப்போதே கணித்து, பலர் புதுக் கருக்கோடு எடுத்து வைத்துவிட்டார்கள். 1914 காசை அப்படி எடுத்து வைத்தவர்கள் குறைவு. அது கடைகளில் கைமாறித் தேய்ந்தது. எத்தனை அச்சானது என்பதைவிட எத்தனை, எந்த நிலையில் மிஞ்சியது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

விலை அதிகம் என்பதாலேயே போலிகளும் அதிகம். 43 கோடிக்கு மேல் அச்சான 1944 டென்வர் காசில் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 9-க்கும் 1-க்கும் இடையே இடைவெளி கூடிவிடும். அதோடு, 1918 முதல் லிங்கனின் தோளடியில் பிரென்னரின் முதலெழுத்துகள் மீண்டும் இடம்பெற்றதால் 1914 காசில் அவை இருக்கவே கூடாது. நாணய வணிகர் ஒருவர் இவை இரண்டையும் எனக்குக் காட்டி, எடை 3.1 கிராம் வருவதையும் பார்த்துவிட்டு, காசு உண்மையானதா என்று சோதித்து அதன் நிலைக்குத் தர எண் கொடுக்கும் நிறுவனத்துக்கு, தரச் சான்றுக்காக அனுப்பலாம் என்றார். ஆனால் காசைச் சாய்த்து விளக்கொளியில் திருப்பியவர் சற்று மௌனமாகி, "இதைக் கழுவினீர்களா?" என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, புளியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

படிவத்தில் ஆண்டு, அச்சிட்ட இடம், உத்தேச மதிப்பு ஆகியவற்றை நிரப்பி, மிருதுவான பிளாஸ்டிக் உறையில் இட்டு, காப்பீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏழு வாரம் கழித்து, மூடி ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் காசு திரும்பியது. உண்மையான காசு என்று உறுதி செய்திருந்தார்கள். ஆனால் 1 முதல் 70 வரையிலான தர எண் இல்லை. அந்த இடத்தில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பு இருந்தது. நூறாண்டுகளில் படிந்த பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள் என்றும், அது போனால் மீட்க வழியில்லை என்றும், இந்தக் குறிப்பால் விலை பெருமளவு குறையும் என்றும் வணிகர் பொறுமையாக விளக்கினார்.

நான் அதை விற்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் லிங்கனின் கன்னமும் நெற்றியும் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கின்றன. புளி எட்டாத எழுத்திடுக்குகளில் மட்டும் அந்தப் பழைய பழுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.