கிரீன் சர்க்கிளில் நின்றால் மட்டும் கொதிக்கும் அம்பாசடர்

அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்குகிறது. அப்படியானால் உடனே ரேடியேட்டரைக் கழற்றாதீங்க. ஓட்டத்தில் காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் இழுக்கணும். கோளாறை முதலில் அங்கே தேடுங்க. (வேகத்தில்தான் சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.)

இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்க. சுமார் 12 மி.மீ. அமுங்கினால் சரி. அதற்கு மேல் போனாலோ, உள்பக்கம் பளபளத்தாலோ வழுக்குகிறது என்று அர்த்தம். வாட்டர் பம்ப் மாற்றிய பிறகு தொடங்கிய சூடா? ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்க. சிரிக்க வேண்டாம், நடக்கிற தப்புதான்.

பெல்ட், ஃபேன் இரண்டும் சரியென்றால் அடுத்து இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம். பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வழியாகவும் ஹெட்டிலும் இறங்கும். டைமிங் லைட் வைத்தே பாருங்க, காதால் கேட்டு வைக்கிற டைமிங் வேண்டாம். கலவை இன்ஜினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட்டில் காற்று கசிந்தாலும், பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து இதே தொல்லைதான்.

தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிவது நம்மூர் வைத்தியம், நோயைத் தீர்க்காது. வெந்நீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு பாருங்க. 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கணும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீங்க, உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.