மெட்லாரொய்த் நாட்குறிப்பு: ஓர் ஓடை, இரண்டு நிர்வாகம்

25 மே 2024, சனி

காலையில் ஜெர்மனியின் ஹோஃப் நகரிலிருந்து மெட்லாரொய்த் வந்தேன். ஐம்பது பேர்கூட இல்லாத ஊர். நடுவே டான்பாக் ஓடை. எட்டி ஓர் அடி வைத்தால் தாண்டிவிடலாம். ஆனால் மாநிலமே மாறிவிடும். தெற்குப் பாதி பவேரியாவில், டெப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது. வடக்குப் பாதி துரிங்கியாவில், கெஃபெல் நகராட்சியைச் சேர்ந்தது. எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்கு மேயர் வேறு, அஞ்சல் குறியீடு வேறு, வண்டி நம்பரும் வேறு.

1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனி சேர்ந்து நாடே ஒன்றான பிறகும் இந்த ஊரை ஏன் ஒன்றாக்கவில்லை? முதலில் எனக்கு ஆதங்கமாகத்தான் இருந்தது.

26 மே, ஞாயிறு

இன்று துரிங்கியாவில் உள்ளாட்சித் தேர்தல். அங்கே நகரமன்றத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஆளுக்கு மூன்று ஓட்டு. பவேரியாவில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. மன்றத்தில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு. அதனால் ஓடைக்கு இந்தப் பக்கம் இன்று வெறும் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் ஒரு பாட்டி நல்ல கோட்டு அணிந்து ஓட்டுப் போடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் துரிங்கியா கிழக்கு ஜெர்மனியில், பவேரியா மேற்கு ஜெர்மனியில். 1952இல் இதே மே 26 அன்றுதான் கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைக்க ஆணை போட்டது. முதலில் பலகை வேலி, அப்புறம் முள்கம்பி. 1966இல் 700 மீட்டர் நீளத்துக்குச் சுவர். மேற்கிலிருந்து கையசைத்தால் கிழக்கில் இருப்பவர் பதிலுக்குக் கையசைக்கக்கூடாது. சுவரில் ஒரு பகுதியை இன்றும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் கான்கிரீட் சில்லென்று இருந்தது. சொந்த அக்காவுக்குக் கையசைக்க முடியாமல் இங்கே எத்தனை பேர் நின்றிருப்பார்கள்!

மாலையில் எல்லைக்கல் பற்றித் தெரிந்துகொண்டேன். ஓடையோரம் கல் நட்டது 1810இல். ஒரு பக்கம் பவேரிய அரசு, மறுபக்கம் ரொய்ஸ் சிற்றரசு. எல்லை சுவரைவிட 156 வயது மூத்தது! அந்தக் கல்லை வைத்துக்கொண்டே ஊர் ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறது. அப்போது பள்ளிக்கூடமும் மதுக்கடையும் இன்றைய துரிங்கியப் பக்கம் இருந்தன. தேவாலயத்துக்குப் போனது பவேரியாவிலுள்ள டெப்பனுக்கு. நேற்றைய என் ஆதங்கம் தவறு. கல்லைத் தாண்டிப் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை, சுவர் அப்படியா?

9 ஜூன், ஞாயிறு

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் என்பதால் மறுபடியும் வந்தேன். இன்று இரு பாதிக்கும் ஒரே நாளில் ஓட்டு. ஆனாலும் வாக்குச்சீட்டு ஒன்றல்ல: அந்தக் கரையில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி; இந்தக் கரையில் அதன் இடத்தில் பவேரியாவுக்கே உரிய கிறிஸ்தவ சமூகக் கட்சி.

1989 டிசம்பர் 9 அன்று சுவரில் வழி திறந்தபோது மக்கள் நடந்து கடந்தது இதே ஓடையைத்தான். மதியம் அதன் மேல் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போனார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள்.