ரிலேக்குக் குறுக்கே ஒரு டயோட்

கொழும்பு புறக்கோட்டையில், முதலாம் குறுக்குத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த திருத்தும் கடையில்தான் நான் தொழில் பழகினேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துவிட்டுப் போனவன் என்பதால் ஓமின் விதி மனப்பாடம். வோல்ட்டேஜ் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். அதற்கு மேல் அறிய எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது மேசைக்கு மேலே தொங்கிய 100 வாட் குண்டு பல்ப். திருத்திய எதையும் அந்தப் பல்ப்போடு தொடராக இணைத்துத்தான் முதன்முறை மின்சாரம் கொடுப்போம். 230 வோல்ட்டில் 100 வாட் என்றால் தடை 529 ஓம் வர வேண்டும். ஒருநாள் மீற்றரை வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 40 ஓம் காட்டியது. மீற்றர் பழுது என்றேன். "பல்ப் குளிர்ந்து கிடக்கிறது, தம்பி" என்றார் முதலாளி.

டங்ஸ்டன் இழை எரியும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. சாதனம் சிறிதளவு மின்னோட்டம் கேட்டால் பல்ப் தடுப்பதில்லை. உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்து, 0.43 அம்பியர் அளவில் பிடித்து நிறுத்திவிடும். மாறாத 40 ஓம் தடையொன்று அந்த இடத்தில் இருந்தால் 5 அம்பியருக்கு மேல் பாயும். ஓம் 1827இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத கடத்திக்கு உரியது. பாடநூலில் அந்த நிபந்தனை இருக்கிறது. நான்தான் அதைத் தாண்டிப் படித்திருந்தேன்.

அடுத்தது என்னால் மறக்க முடியாதது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா, குளிர்சாதனப் பெட்டிக்கான ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்தார். ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சை இயக்கி நிறுத்தும் டிரான்சிஸ்டர் போயிருந்தது, மாற்றினேன். பக்கத்தில், ரிலேச் சுருளுக்குக் குறுக்கே இருந்த, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டும் உடைந்திருந்தது. அது தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால் மின்னோட்டம் அதன் வழியே போகவே முடியாது. போகாத வழிக்கு எதற்கு டயோட் என்று, புதியது போடாமல் மூடிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அந்த அக்கா, கனத்த பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் சுமந்துகொண்டு திரும்பவும் வந்தார். "நீங்கள் சரிபார்த்துத்தானே தந்தீர்கள், தம்பி?" அதே டிரான்சிஸ்டர் மறுபடியும் போயிருந்தது.

தடையின் வோல்ட்டேஜ், இந்தக் கணத்தில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைப் பொறுத்தது. சுருளின் வோல்ட்டேஜோ, மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த ரிலேச் சுருளின் தடை 400 ஓம். 12 வோல்ட்டில் பாய்வது வெறும் 30 மில்லி அம்பியர். ஆனால் டிரான்சிஸ்டர் அதைத் திடீரென்று நிறுத்தும்போது, ஓடிக்கொண்டிருந்ததை ஓடவைக்கச் சுருள் தானே எதிர்முகமாக நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பக்கூடும். அந்த டிரான்சிஸ்டர் தாங்குவதோ 45 வோல்ட். என் மேசையில் மின்சாரம் சீராக இருந்ததால் ரிலே ஓரிரு முறைதான் அடித்தது. அவர் வீட்டில் மாலையானால் வோல்ட்டேஜ் இறங்கி ஏற, ரிலே ஓயாமல் அடித்திருக்கிறது. ரிலே அணையும் ஒவ்வொரு தடவையும் டிரான்சிஸ்டருக்கு ஓர் உதை.

தலைகீழாக நின்ற டயோட் அந்த ஒரு கணத்துக்காகத்தான் காத்திருந்தது. சுருளின் வோல்ட்டேஜ் திரும்பியதும் டயோட்டுக்கு அது நேர்முகம், சுமார் 0.7 வோல்ட்டிலேயே வழி திறந்து, மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றித் தணியும். டயோட்டில் மின்னோட்டம் பத்து மடங்கு ஏறினாலும் வோல்ட்டேஜ் 0.1 வோல்ட் அளவே ஏறும். அதனால்தான் இவ்வளவு சிறிய பொருள் காவலுக்குப் போதுகிறது.

கொள்ளளவி (கெபாசிட்டர்) சுருளுக்கு நேரெதிர்: அதில் வோல்ட்டேஜ் மாறும் வேகம்தான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு பிழை தேவைப்படவில்லை.

பணம் வாங்காமல் டிரான்சிஸ்டரையும் டயோட்டையும் மாற்றினேன். கோடு போட்ட முனை நேர்ப் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். "இனிப் பழுதாகாதுதானே?" என்று அக்கா கேட்டார். உடனே பதில் சொல்லவில்லை. உள்வரும் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கி, ரிலேயை ஒரு மணி நேரம் அடிக்கவிட்டேன். அவர் வாங்கில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.