மங்கில் வேர் பிடித்தது: தாப்பாவில் கேட்மின்ட், 14-ஆவது மாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்மின்ட் குச்சி நட்டு வைத்திருந்த மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) ஒன்றைத் தூக்கி அடியைப் பார்த்தேன். துளை வழியாக நூல் தடிமனில் ஒரு வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் தூக்கினேன், அதிலும் வேர். 18 மங்கில் 11 பிடித்துவிட்டது! வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். “இதுக்கா எழுப்பின?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி, இங்கே எழுதினால் புரிந்துகொள்ள நாலு பேராவது இருப்பீர்கள்.

கேட்மின்ட் புதினா குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நாட்டுச் செடி, பூனைகளுக்குப் பிடித்தது. அங்கெல்லாம் பனிக்காலத்தில் மேல்பாகம் காய்ந்துபோய், வசந்தத்தில் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் தாப்பாவிலோ சுற்றிலும் செம்பனை, ராத்திரியில் 23 டிகிரிக்கு இறங்கினாலே பெரிய விஷயம். செடிக்கு லீவே கிடையாது. வருஷம் முழுக்க ஓவர்டைம் பார்த்துப் பார்த்து, கிளை நீண்டு, அடி மொட்டையாகி, ஏதாவது ஒரு அடைமழையில் பொத்தென்று படுத்துவிடும். இங்கே இதைப் பல வருஷச் செடியாக வைத்துக்கொள்வது என்றால் அந்த ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு செடிச் சாவு தேவைப்பட்டது.

முதல் தடவை ஆன்லைனில் விதை வாங்கினேன். பாக்கெட்டில் நீலப் பூ படம். முளைத்து வளர்ந்து பூத்தது வெள்ளைப் பூ, உள்ளே ஊதாப் புள்ளி, இலை அகலமாக, சொரசொரவென்று. அது கேட்மின்ட் இல்லை, அதன் அக்காவான கேட்னிப். தோட்டக்காரர்கள் அதிகம் வளர்க்கும் நீலக் கேட்மின்ட் ஒரு கலப்பினம். ஃபாசன் என்ற டச்சு நர்சரிக்காரர் பெயரைத் தாங்கியது, விதை பிடிக்காது. குச்சி வெட்டி வைக்கலாம், இல்லையென்றால் தூரைப் பிரித்து வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அந்த நீலக் கேட்மின்ட் விதை என்று யாராவது விற்றால் ரிங்கிட்டை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை கேமரன் மலையில் நாற்று வாங்கி வந்து வாசல் ஓரத்துச் செம்மண்ணில் நேராக நட்டேன். அங்கே தானா ராத்தாவில் 1,400 மீட்டருக்கு மேல் ஜம்மென்று நின்ற செடி, நம் களிமண்ணில் அக்டோபர், நவம்பர் மழை தாங்கவில்லை. பிடுங்கினால் வேர் கறுத்து, ஊறப்போட்ட கயிறு மாதிரி கையோடு வந்தது.

மூன்றாவதுதான் இப்போது 14 மாதத்தைத் தாண்டி நிற்பது. அகலமான மண்சட்டி, கூரை விளிம்பு ஓரம், காலை வெயில் முழுக்க விழும் இடம். கலவை: பெரும்பரு ஆற்று மணல் நாலு பங்கு, கருக்கிய உமி மூன்று, பியூமிஸ் கல் இரண்டு, மக்கிய உரம் ஒன்று. நம் மண்ணின் புளிப்புக்கு ஒரு பிடி டோலமைட் சுண்ணாம்பு. உமிக்கு மட்டும் ஒரு குறிப்பு: பாசாரில் (சந்தையில்) செடிக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, விற்கும் சின்ன பாக்கெட் பாதி சாம்பல், தண்ணீர் பட்டதும் சேறாகிறது. நெல் விளையும் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி மூட்டையாக எடுங்கள். நான் தங்கச்சி வீட்டுக்காரரிடம் சொல்லி பாரிட் புந்தாரிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்தேன். காரில் இன்னும் உமி கொட்டிக்கொண்டிருக்கிறதாம்.

கவாத்து செப்டம்பர் கடைசியில், மழை இறங்குவதற்கு முன். பாதிக்கு வெட்டினேன், ஒவ்வொரு தண்டிலும் இரண்டு ஜோடி இலையாவது விட்டு. குளிர்நாட்டில் தரையோடு வெட்டுகிறார்கள் என்று படித்துவிட்டு முதலில் ஒரு பக்கத்தை அப்படியே வெட்டினேன். அந்தப் பக்கம் திரும்பத் தழைக்கவே இல்லை, இன்னும் வழுக்கையாக இருக்கிறது. மீதிப் பக்கம் பிப்ரவரி வெயிலில் ஏழு பூத்தண்டு விட்டது. கேமரனில் பார்த்த நீலத்தில் பாதிதான் நிறம். பரவாயில்லை, பூத்ததே.

இப்போது குச்சிக்கு வருகிறேன். ஐந்து மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

எல்லோரும் சொல்வதுபோல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடி வைத்தேன். மூன்றாம் நாள் சாம்பல் பூஞ்சை. கேட்மின்ட் இலையில் பூனைக்குட்டிக் காது மாதிரி மெல்லிய ரோமம் இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமே அதற்கு மூடிதான், மேலே இன்னொரு மூடி எதற்கு? அடுத்த தடவை மூடவில்லை. ஆனாலும் அழுகியது, இந்தத் தடவை அடியில். முற்றிய தண்டாக வெட்டியிருந்தேன். சதுரத் தண்டை இரு விரலில் அழுத்திப் பாருங்கள். முற்றியது உள்ளே கூடாக இருந்து நசுங்கும், அதில் தண்ணீர் ஏறி அழுகும். நுனியிலிருந்து ஒரு விரல் நீளம், பூமொட்டு இல்லாதது, அழுத்தினால் திண்ணென்று இருப்பது, அதுதான் வேண்டும். கணுவுக்கு ஒட்டிக் கீழே ஒரே வெட்டு. கத்தரிக்கோல் நசுக்குகிறது. அப்பாவின் பால் வெட்டும் கத்தியைத் தீட்டி வைத்தேன். முப்பது வருஷம் ரப்பர் மரப் பட்டையைச் சீவிய கத்தி, இந்தத் தண்டை வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது.

மங்கும் அப்பாவுடையதுதான். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது அம்மா எறியாமல் வைத்திருந்த பீங்கான் பால் மங்கு. அடியில் டைல் துளைக்கும் பிட்டால் துளை போட்டதில் மூன்று உடைந்தது, அதற்கு வாங்கிய திட்டைத் தனியாக எழுதலாம். ஆனால் பலன் உண்டு: மங்கு சின்னது, கையில் எடுத்தாலே எடை தெரியும். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். தக்கையாக இருந்தால் தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து பத்து நிமிஷம் உறிஞ்சவிட்டு எடுத்துவிடுவேன். மேலே ஒரு சொட்டு ஊற்றியதில்லை. போன ஏழும் மாக்சிக் (மலாய்க்கார அத்தை) வீட்டுப் பூனையின் கணக்கு.

ஆமாம், பூனை. செடி சும்மா நிற்கும்போது எட்டிக்கூடப் பார்க்காது. இலை கசங்கினால்தான் பூனையை மயக்கும் நெபெட்டலாக்டோன் வாசனை வெளியே வரும், குச்சி வெட்டினால் கசங்கத்தானே செய்யும். அன்று சாயந்தரமே அந்த மஞ்சள் கடுவன் தட்டுக்குள் மல்லாந்து கிடந்தது. மாக்சிக்கிடம் சொன்னால் சிரிக்கிறார். அப்புறம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒரு கட்டு வாங்கி, ஒவ்வொரு மங்கிலும் நாலு, கூர் மேலே பார்க்க நட்டுவிட்டேன். அதோடு சரி.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது: “காசு குடுத்து கேமரன்ல வாங்கின. கான் ஓரத்துல பூனைவணங்கி சும்மா முளைக்குது.” குப்பைமேனியைத்தான் சொல்கிறார். மலாய்க்காரர்களும் அதை ‘கூச்சிங் காலாக்’ என்று பூனை பெயரில்தான் அழைக்கிறார்கள். அதன் வேரில் நெபெட்டலாக்டோனுக்கு உறவான சேர்மம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சோதித்துவிடலாம் என்று ஒரு குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, கேட்மின்ட் கொத்து ஒன்றின் பக்கத்தில் போட்டேன். கடுவன் கேட்மின்ட்டை மோந்து பார்த்துவிட்டு, குப்பைமேனி வேரைக் கட்டிக்கொண்டு உருண்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கொசு வராது என்று சொல்லி வளர்க்கிறவர்களுக்கு: சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மங்கை எடை பார்த்தபோதுதான் என்னை அதிகம் கடித்தது.

அடுத்து ‘வாக்கர்ஸ் லோ’ ரகம் தேடுகிறேன், 2007-இல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் அந்த வருஷச் செடியாகத் தேர்ந்தெடுத்தது. பெயரில் ‘லோ’ இருந்தாலும் இரண்டடிக்கு மேல் வளருமாம். ரிங்லெட்டில் ஒரு நர்சரிக்காரர் வரவழைத்துத் தருகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லாவெண்டரையும் இதே மங்கு முறையில் போட்டுப் பார்க்க ஆசை, ஆறு குச்சிக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.

பதினொன்றையும் இன்னும் சட்டிக்கு மாற்றவில்லை. மே மழை ஓயட்டும். அதுவரை சமையலறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும், சாத்தே குச்சியோடு.