முலாம் பூசிய நாணயத்தில் எவ்வளவு தங்கம் இருக்கிறது?

வெல்வெட் பெட்டியில் எண்ணிட்ட சான்றிதழோடு வரும் பளபளப்பான நாணயத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், பெட்டியையும் சான்றிதழையும் ஒதுக்கிவைத்துவிட்டு நாணயத்தை மட்டும் பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் நாணயத்தை விற்ற நிறுவனமே அச்சிட்டது. இந்தப் பொருளைத் தாங்கள்தான் வெளியிட்டோம் என்பதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை.

"24 காரட் தங்க முலாம்" என்ற சொற்றொடர் பலரை ஏமாற்றிவிடுகிறது. காரட் என்பது தங்கத்தின் தூய்மையைத்தான் சொல்கிறதே தவிர, அளவைச் சொல்வதில்லை. 40 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு நாணயத்தின் இரு முகங்களும் விளிம்பும் சேர்ந்து ஏறக்குறைய 29 சதுர சென்டிமீட்டர் பரப்பாகும். அதன்மேல் 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் முலாம் பூசப்பட்டிருந்தால், தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்ற கணக்கில், மொத்தத் தங்கம் 6 மில்லிகிராமைக்கூட எட்டாது. ஒரு கிராம் தங்கம் சேர இத்தகைய நாணயங்கள் 170க்கு மேல் வேண்டும். அதைப் பிரித்தெடுக்கும் செலவு கிடைக்கும் தங்கத்தின் மதிப்பையே விழுங்கிவிடும். உண்மையான முதலீட்டு நாணயங்களில் பெரும்பாலானவை எடையையும் தூய்மையையும் தம்மேலேயே தாங்கியிருக்கும். முலாம் பூசியவற்றின் விளம்பரத்திலோ கிராம் கணக்கு பெரும்பாலும் காணப்படுவதில்லை.

புழக்கத்தில் உள்ள நாணயத்துக்குத் தனியார் முலாம் பூசினால் அது உயர்ந்துவிடாது. சேகரிப்பாளர்கள் அதைச் சிதைக்கப்பட்ட நாணயமாகவே கருதுவார்கள். முகமதிப்பு மட்டுமே மிஞ்சும். 1883இல் அமெரிக்கா வெளியிட்ட ஐந்து சென்ட் நிக்கல் நாணயத்தில் "சென்ட்" என்ற சொல் இல்லாததால், சிலர் அதற்குத் தங்க முலாம் பூசி, ஐந்து டாலர் தங்க நாணயம் என்று ஏமாற்றிக் கைமாற்றினார்கள். அதே ஆண்டிலேயே அச்சொல் சேர்க்கப்பட்டது. சொல் இல்லாத நாணயம் அரிதாகிவிடும் என்று எண்ணி மக்கள் பத்திரப்படுத்தியதால் அது இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. "வரையறுக்கப்பட்ட வெளியீடு" என்று சொல்லி விற்கப்படுபவற்றின் நிலையும் இதுதான்: எல்லோரும் பாதுகாத்து வைக்கும் பொருள் எளிதில் அரிதாவதில்லை.

அரிய நாணயம் கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் காந்தத்தையும் துல்லியமான தராசையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். 1943ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய எஃகால் ஆனவை. தவறுதலாக வெண்கலத்தில் அச்சான மிகச் சிலவே பெரும் விலை பெறுபவை. செம்பு நிறத்தில் இருந்தும் காந்தத்தில் ஒட்டினால், அது முலாம் பூசிய எஃகு நாணயம். உண்மையான வெண்கல நாணயம் 3.11 கிராமும், எஃகு நாணயம் 2.7 கிராமும் இருக்கும். செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது என்பதால், ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்துத் தங்கம் என்று முடிவுகட்டக் கூடாது.

விலையை அறிய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அதே வகை நாணயம், அதே தரத்தில், ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பதைப் பாருங்கள். அதுவரை எதையும் தேய்த்து மெருகேற்ற வேண்டாம், ஏனெனில் மதிப்புள்ள பழைய நாணயம்கூட அதனால் பெருமளவு விலை இழந்துவிடும்.