என் கடன் அறிக்கையில் வேறொரு பெண்ணின் கடன்

வீட்டுக் கடனுக்கு வங்கிப் படி ஏறுவதற்கு முன்பே எங்கள் கடன் அறிக்கையை, அதாவது வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, எடுத்துப் பார்த்துவிடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம். நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒரு நகைக்கடன், வாஷிங் மெஷினுக்கு வாங்கிய தவணைக் கடன், ஒரு கிரெடிட் கார்டு. என் கணக்கு அவ்வளவுதான். எல்லாமே ஒழுங்காகக் கட்டியது. அப்படியும் என் அறிக்கையில் ஒரு பாக்கிக் கடன் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் நீக்க வைத்ததும் எப்படி என்பதை, இதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாம் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005இல் வந்த சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இயங்குபவை. 2017 ஜனவரியிலிருந்து இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். அவரவர் இணையதளத்தில் பெயர், பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும், பிறகு அறிக்கை வரும். மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று கட்டணத் திட்டங்கள்தான் கண்ணில் முதலில் படும். இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி அதையே சொடுக்குங்கள், கார்டு விவரம் எதுவும் தர வேண்டியதில்லை. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்த பயத்திலேயே பார்க்காமல் இருப்பவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே உண்டு.

அறிக்கை வந்ததும் எல்லோர் கண்ணும் அந்த மூன்று இலக்க எண்ணுக்குத்தான் போகும். 300 முதல் 900 வரை. அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. அந்த எண் மொத்த மதிப்பெண், அறிக்கைதான் விடைத்தாள். எந்தக் கேள்விக்கு மதிப்பெண் போனது என்று விடைத்தாளில்தான் தெரியும். எனக்கு வந்த எண் ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒழுங்காகக் கட்டுகிற ஒருத்திக்கு வர வேண்டியதைவிடக் குறைவு.

முதல் பக்கத்திலேயே விஷயம் இருந்தது. அடையாள எண்கள் என்ற பகுதியில் என் பான் எண், அதன் கீழே வாக்காளர் அட்டை எண்கள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது என்னுடையதில்லை. முகவரிப் பகுதியில் எங்கள் வீடு, திருமணத்துக்கு முன்பிருந்த அப்பா வீடு, மூன்றாவதாக முசிறிப் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தபந்தம்கூடக் கிடையாது. பெயர்ப் பகுதியில் அப்பாவின் இனிஷியலோடு ஒரு முறை, கணவரின் இனிஷியலோடு ஒரு முறை, இனிஷியலே இல்லாமல் ஒரு முறை என்று என் பெயர் மூன்று விதமாக இருந்தது.

கடன் கணக்குகளின் பகுதிக்குப் போனேன். ஒவ்வொரு கடனுக்கும் யார் கொடுத்தது, எப்போது, எவ்வளவு, மீதி என்ன, பாக்கி என்ன, தனிநபரா கூட்டா ஜாமீன்தாரரா என்ற விவரங்கள் இருக்கும். ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், அதிகபட்சம் 36 மாதங்களுக்கு. கட்டத்தில் 000 என்றால் அந்த மாதம் தாமதமில்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். எஸ்டிடி என்றால் கடன் ஒழுங்காக இருக்கிறது, எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதத் தகவலை நிறுவனம் அனுப்பவில்லை. எங்கள் நகைக்கடன், வாஷிங் மெஷின் எல்லாம் வரிசையாக 000. நான்காவதாக ஒரு மைக்ரோஃபைனான்ஸ் கடன், மகளிர் குழுக் கடன் வகை. அதில் சில மாதங்கள் 000, பிறகு 030, அடுத்து 061, அடுத்து 091. பாக்கித் தொகையும் போட்டிருந்தது. நான் எந்தக் குழுவிலும் இருந்ததில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். பான் எண் கொடுத்து வாங்கிய கடன் என்றால் ஆளைப் பிரித்தறிவது எளிது. வாக்காளர் அட்டையை வைத்து வாங்கிய சிறுகடனில் பெயர், பிறந்த தேதி, ஊர் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ‘இவர் அவர்தான்’ என்று பொருத்துகிறார்கள். எங்கள் பக்கம் என் பெயரில் வீதிக்கு ஒருத்தி இருப்பாள். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது, இனிஷியலை ஒரு இடத்தில் போடுவோம், ஒரு இடத்தில் விட்டுவிடுவோம். பிறந்த தேதியும் அப்படித்தான். எங்கள் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்பியதாகக் காட்ட மே, ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கம். பள்ளிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால் ஒரே தேதியில் வரிசையாகப் பிறந்த பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்தப் பெண்ணின் பிறந்த தேதியும் என்னுடையதும் ஒன்றே. நம் மாநிலத்தில் எனக்கு மட்டுமா இது நடந்திருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பகுதி இருந்தது. கட்டணம் இல்லை. எந்தக் கணக்கில் எது தவறு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன், முகவரியையும் வாக்காளர் எண்ணையும் தனித்தனியாகக் குறிப்பிட்டேன். புகார் போட்டதும் அந்தக் கணக்கின் அருகில் சர்ச்சையில் இருப்பதாக ஒரு குறிப்பு வந்துவிட்டது. அறிக்கையின் கன்ட்ரோல் நம்பரை, அதாவது அந்த அறிக்கைக்கான அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடிதங்களிலும் அதைத்தான் கேட்பார்கள்.

சில வாரங்களில் பதில் வந்தது: கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரியே என்று உறுதி செய்திருக்கிறது, மாற்றமில்லை.

வயிறு எரிந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்க முடியாது, கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் செய்யும். கடன் கொடுத்தவர் தன் பதிவைப் பார்க்கிறார். அதில் அந்தப் பெண்ணின் பெயர், அந்தப் பெண்ணின் அட்டை, அந்தப் பெண்ணின் பாக்கி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அதனால் ‘சரி’ என்கிறார். அது யாருடைய அறிக்கையில் போய் ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அதனால் நேரில் போனேன். அந்த நிறுவனத்துக்கு நாமக்கல்லிலேயே கிளை இருந்தது. அறிக்கையின் அச்சுப்படி, பான், ஆதார், வாக்காளர் அட்டை நகல்கள் எல்லாம் எடுத்துப்போனேன். கிளையில் இருந்த தம்பி முதலில், “மேடம், பாக்கியைக் கட்டிட்டா தானா போயிடும்” என்றார். கட்ட மாட்டேன், இது என் கடனில்லை என்றேன். இந்த இடத்தில் உறுதியாக இருங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் கட்டிவிட்டால் அது உங்கள் கடன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், அந்தத் தாமத மாதங்களும் உங்கள் பேரிலேயே நிற்கும். கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கடன் வாங்கியபோது எடுத்த புகைப்படம் திரையில் வந்தது. தம்பி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “இருங்க மேடம், மேனேஜரைக் கூப்பிடறேன்” என்று எழுந்து போனார்.

மேலாளர் நல்ல மாதிரியாகப் பேசினாலும் ‘ஹெட் ஆபீஸுக்கு அனுப்புகிறோம்’ என்பதற்கு மேல் போகவில்லை. வாய்வார்த்தையை நம்பி வராமல் கடிதமாக எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அதே கடிதத்தை அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினேன். அதில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதினேன். ஒன்று, எனக்கு வேண்டியது கடன் நிலவரம் அல்ல, ‘இந்தக் கடனாளியும் விண்ணப்பதாரரும் வெவ்வேறு நபர்கள்’ என்ற எழுத்துபூர்வ உறுதி. இரண்டு, ரிசர்வ் வங்கியின் விதி. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்கை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். இதை எழுதிய பிறகு வந்த பதில்களின் தொனியே வேறாக இருந்தது.

அந்த உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும் புகாரை மறுபடி போட்டு அதையும் இணைத்தேன். இந்த முறை கணக்கு நீங்கியது. முசிறி முகவரியும் அந்த வாக்காளர் எண்ணும் போயின. இதுவும் நடக்காமல் போயிருந்தால் அடுத்து ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) திட்டத்தில் ஆன்லைனில் புகார் செய்திருப்பேன். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் செய்யலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் முதலில் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் காத்திருந்ததற்கான ஆதாரம் கையில் வேண்டும். முத்திரை வாங்கிய நகல் அதற்குத்தான்.

அறிக்கை சரியான பிறகுதான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தோம். அந்த உறுதிக் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொடுத்தேன், வங்கியில் கேள்வி ஏதும் வரவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து வங்கியில் விண்ணப்பிக்கவும் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பமும் ‘விசாரணை’ என்று அறிக்கையின் கடைசியில் பதிவாகும், அது அடுக்கடுக்காக இருந்தால் கடன் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் திருத்தியது மற்ற மூன்றிலும் தானாகத் திருந்தும் என்று விட்டுவிட முடியாது. நான்கையும் எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றிலும் அதே கடன் ஒட்டியிருந்தது, அங்கேயும் அதே கடிதத்தைக் கொடுத்துச் சரிசெய்தேன். எங்கள் நகைக்கடன் ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் முடிந்ததாகவும் இன்னொன்றின் அறிக்கையில் மீதி இருப்பதாகவும் காட்டியது. அது தவறில்லை, தகவல் போய்ச் சேரும் இடைவெளி. 2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுப்பவர்கள் மாதம் இரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்திருந்ததால் அடுத்த அறிக்கையில் சரியாகிவிட்டது.

அந்த மேலாளரிடம் கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன்: முசிறிப் பெண்ணிடமும் அவருடைய அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் நகைக்கடன் அவர் பேரில் இருக்கலாம். அவர் ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் அவர் பேரில் சேராமலும் போயிருக்கலாம். சொல்கிறேன் என்றார்.

இப்போது நான்கையும் ஒரே நாளில் எடுப்பதில்லை. ஜனவரியில் சிபில், ஏப்ரலில் எக்ஸ்பீரியன், ஜூலையில் ஈக்விஃபேக்ஸ், அக்டோபரில் ஹைமார்க் என்று பிரித்து வைத்திருக்கிறேன். நாத்தனாரும் அதே வரிசையில் எடுக்கிறாள். அவளுடைய பெயரும் வீதிக்கு ஒன்று உள்ள பெயர்தான்.