ஒற்றைப் பல் சாவி

நெட்ஸ்கேப் உலாவியில் இணையத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் சாவிப் படம் நினைவிருக்கும். திரையின் கீழே, இடது மூலையில் இருக்கும். சாதாரணப் பக்கம் என்றால் சாவி இரண்டாக உடைந்து கிடக்கும். குறியாக்கம் உள்ள பக்கத்துக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும். நான் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். சாவிக்குப் பல் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் குறியாக்கச் சாவியின் நீளம் 128 பிட், ஒன்று என்றால் 40 பிட்; நீளம் குறைந்தால் உடைப்பது சுலபம். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நமக்கெல்லாம் வந்தது ஒற்றைப் பல்தான்.

காரணம் தொழில்நுட்பம் இல்லை, சட்டம். 1996 வரை குறியாக்க மென்பொருளை அமெரிக்கா, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ள போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது; அதன் பிறகும் கட்டுப்பாடு தொடர்ந்தது. அதனால் நெட்ஸ்கேப் வெளிநாட்டுக்கென்று தனிப் பதிப்பு போட்டது. உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே குறியாக்கம் செய்யும் நெறிமுறையான எஸ்எஸ்எல்லின் இரண்டாம் பதிப்பில் அதைச் செய்த விதம் எனக்கு இப்போதும் ஆத்திரம் மூட்டும்: சாவி என்னவோ 128 பிட்தான், ஆனால் அதில் 88 பிட்டை மறைக்காமல் அப்படியே அனுப்பிவிடும். மிஞ்சும் ரகசியம் 40. சுமார் 1,10,000 கோடி சாவிகள். 1995 ஆகஸ்டில் பிரான்ஸைச் சேர்ந்த டாமியன் டோலிஜே, 120 பணிநிலையங்களையும் இரண்டு பெரிய கணினிகளையும் வைத்து எட்டு நாளில் அதை உடைத்துக் காட்டினார்.

இதெல்லாம் எனக்கு வெறும் எண்களாகப் படவில்லை, ஏனென்றால் கம்பியில் என்ன ஓடுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஒரு சின்ன நெட்வொர்க்கைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கணினியும் ஒரே ஹப்பில்; ஒருவருக்கு வரும் பாக்கெட் எல்லோரையும் எட்டும். ஏதோ ஒரு கோளாறைத் தேடி, கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டினால், யாரோ மெயில் எடுப்பார். ‘யூசர்’ என்று ஒரு வரி, சற்றுத் தள்ளி ‘பாஸ்’ என்று இன்னொரு வரி, அதன் பக்கத்திலேயே கடவுச்சொல், எழுத்து மாறாமல். வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்தே நுழைய உதவும் டெல்நெட் இன்னும் மோசம். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி பாக்கெட்டாக வரும். ஒருவர் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடிப்பதுவரை தெரியும். அடுத்த அறையில் இருப்பவர்களின் கடவுச்சொல் அது. பெரும்பாலும் குழந்தையின் பெயர். பார்த்ததை மறக்க முடியாது, அவர்கள் முகத்தைப் பார்க்கவும் கூசும்.

இதற்கு உருப்படியான மருந்து பின்லாந்திலிருந்து வந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் கடவுச்சொற்கள் திருடு போயின. அதைப் பார்த்து டாடு யுலோனென் 1995-இல், டெல்நெட் செய்யும் வேலையையே குறியாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்எச் நிரலை எழுதினார். அமெரிக்க ஏற்றுமதி விதி அவரைக் கட்டுப்படுத்தவில்லை, ஆகவே பலம் குறைக்காத குறியாக்கம் யாருக்கும் கிடைத்தது. அதை நிறுவி, டெல்நெட்டை நிறுத்திய பிறகு டிசிபிடம்ப் திரையில் வெறும் குப்பை எழுத்துகள் ஓடின. எனக்கு அவ்வளவு நிம்மதி.

சரி, 2000 ஜனவரியில் அமெரிக்கா விதியைத் தளர்த்தியது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுக்கென்று பலம் குறைத்த ‘ஏற்றுமதி’ சைஃபர்களை, அதாவது குறியாக்க முறைகளை, பல சர்வர்களிலிருந்து முழுசாகக் கழற்றவில்லை. 2015 மார்ச்சில் ‘ஃப்ரீக்’ என்ற ஓட்டை வெளிவந்தது. நடுவில் நிற்கும் ஒருவன், சர்வரிடம் அந்தப் பழைய 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியைக் கேட்டு வாங்க முடியும் (ஆர்எஸ்ஏ வேறு வகைக் குறியாக்கம்; அதில் 512 பிட் என்பது பலவீனம்தான்). உலாவியும், தான் கேட்காத அந்த பலவீனச் சாவியை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினிகளில் சில மணி நேரத்தில் அதை உடைத்துவிடலாம். சஃபாரியும் ஆண்ட்ராய்டின் பழைய உலாவியும் அதில் மாட்டின. வெளிநாட்டவரை வேவு பார்க்க வசதியாக வைத்த பலவீனம், விதி தளர்ந்து பதினைந்து வருஷம் கழித்து, அமெரிக்கர்களின் கைப்பேசியையும் தொட்டது. இன்றும் அரசுகள் ‘எங்களுக்கு மட்டும் ஒரு வழி வையுங்கள்’ என்று கேட்கும்போது நான் எதிர்ப்பது இதனால்தான்.

உங்கள் பொறுப்பில் பழைய சர்வர் ஏதாவது இருந்தால், அதன் குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சைஃபர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘இஎக்ஸ்பி’ என்று தொடங்கும் பெயர் எது கண்ணில் பட்டாலும் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.